கடைசி நாளைக் காலியாக விடுங்கள்

வாசகர் கேள்வி:

அக்கா, நாங்கள் பாலக்கோடு. கணவர் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். நான் பள்ளி ஆசிரியை. மகள் ஒன்பதாவது, மகன் நான்காவது படிக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, ஆறு நாள் சேர்ந்தாற்போல் வெளியே போகிறோம். அரையாண்டு விடுமுறையில் அந்தமான். அத்தையும் வருகிறார், வயது 66, முழங்கால் வலி உண்டு. கணவர் எழுதி வைத்திருக்கும் திட்டப்படி ஐந்தாம் நாள் காலை ஹேவ்லாக் தீவில் எலிஃபன்ட் பீச், மாலை கடைசிப் படகில் போர்ட் பிளேர். ஆறாம் நாள் விடிந்ததும் நார்த் பே போய் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா, அங்கிருந்து ராஸ் தீவு, அப்படியே ஓடி மூன்று மணி விமானத்தில் பெங்களூரு. கடைசியில் ஒரு நாளாவது எல்லோரும் நிதானமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே என்றால், "சும்மா உட்காரவா இவ்வளவு செலவு பண்ணிப் போறோம்?" என்கிறார். நான் கேட்பது தப்பா? கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

பதில்:

தங்கச்சி, நீங்கள் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தர்மபுரியில் இருந்துகொண்டு குடும்பங்களைச் சுற்றுலா அனுப்பி வருகிறேன். உங்கள் கேள்வியை வேறு வேறு வார்த்தையில் நிறையப் பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் டிக்கெட் எல்லாம் போட்டு முடித்த பிறகு, போனில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஆனால் நிதானம், ஓய்வு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் காலை ஸ்கூபா கூடவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

காரணத்தை உங்கள் கணவருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். கடலுக்கு அடியில் அழுத்தம் அதிகம். அங்கே சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாக மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏறினால், பறக்கும் நேரம் முழுக்க நீங்கள் ஊட்டி உயரத்தில் உட்கார்ந்திருப்பது போல. விமானத்துக்குள் காற்றழுத்தம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். கோலி சோடாவைத் தட்டித் திறந்ததும் நுரைத்துக்கொண்டு கிளம்புகிறதே, அதுபோல உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாகலாம். மூட்டு வலி, தலைசுற்றல், கைகால் மரத்துப்போவது என்று ஆரம்பித்து, மோசமானால் பக்கவாதம் வரைக்கும் போகக்கூடியது. ஒரு தடவை மட்டும் இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை இறங்கினால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது டைவிங் மருத்துவத்தில் உள்ள கணக்கு. நான் யாருக்குத் திட்டம் போட்டாலும் 24 மணி நேரம் விட்டுத்தான் போடுவேன். தலையில் கண்ணாடிக் கூடு மாட்டிக்கொண்டு கடலடியில் நடக்கும் ஸீ வாக்கும் இதே கணக்கில்தான் வரும். மூச்சுக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு மிதக்கும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தப் பயம் கிடையாது. இன்னொன்று, 10 வயது நிரம்பாத பிள்ளைகளை ஸ்கூபாவுக்கு இறக்க மாட்டார்கள். நான்காவது படிக்கும் உங்கள் மகனுக்கு இதை ஊரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கரையில் போய்ச் சொன்னால் அன்றைய நாள் அழுகையில் போய்விடும்.

அடுத்தது படகு. ஐந்தாம் நாள் மாலை, அதுவும் கடைசிப் படகு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேருக்கு வேகப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, காற்றுதான் பிரச்சினை. வங்கக் கடலில் டிசம்பரில் எப்போது தாழ்வு மண்டலம் உருவாகும் என்று டிக்கெட் போடும்போதே யாரும் சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் இப்படித்தான் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன.

அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டியதில்லை. காரிமங்கலம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை, விமான நாளன்று காலைப் படகில் ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும்படி அனுப்பினேன். ஏழு பேர். அன்று காலை காற்று பலமாக இருக்கிறது என்று படகை ரத்து செய்துவிட்டார்கள். மழைகூட இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மதியம் விமானம் இவர்கள் இல்லாமலே போயிற்று. படகுத்துறையில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டுப் பெரியவர் எனக்குப் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "இனி என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டார். அந்தத் திட்டம் நான் போட்டது. பதினோரு வருடமாகிறது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அனுப்பும் எந்தக் குடும்பமும் கடைசி இரவை வேறு தீவில் கழித்ததில்லை.

உங்கள் திட்டத்தை நான் இப்படி மாற்றுவேன். முதல் நாள் இறங்கியதும் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலை ராஸ் தீவு, பிற்பகல் படகில் ஹேவ்லாக். மூன்றாம் நாள் காலை அங்கேயே ஸ்கூபா. உங்கள் கணவரும் மகளும் இறங்கட்டும். சாயங்காலம் ராதாநகர் கடற்கரை. நான்காம் நாள் காலை எலிஃபன்ட் பீச், பிற்பகல் படகில் போர்ட் பிளேர். ஐந்தாம் நாள் முழுக்கக் காலி. ஆறாம் நாள் விமானம் மட்டும். பெயர்ப்பலகைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2018 கடைசியில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும், நீலை ஷஹீத் தீவு என்றும், ராஸை நேதாஜி பெயராலும் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜய புரம். ஆட்டோக்காரர்களிடம் பழைய பெயர் சொன்னாலே போதும்.

இந்தக் கணக்கில் உங்கள் கணவருக்குக் கழிவது நார்த் பே ஒன்றுதான். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம் இருக்குமே, அந்த இடம்தான் அது. போர்ட் பிளேர் கரையில் நின்றாலே எதிரே தெரியும்.

இனி அந்தக் காலியான ஐந்தாம் நாள். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

முதலில் சூரியன். அந்தமானுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அது நமக்கு வெகு கிழக்கே இருப்பதால், நம் ஊரைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னதாகவே பொழுது சாயும். டிசம்பர் கடைசியில் நமக்கு ஆறு மணி தாண்டிச் சூரியன் மறையும்போது, அங்கே ஐந்து மணி சுமாருக்கே மறைந்துவிடும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. "நாலு மணிக்கு எழுந்து, டீ குடித்துவிட்டு, ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போகலாம்" என்று நம் ஊர் நினைப்பில் இருந்தால், போய்ச் சேரும்போது கரை இருண்டிருக்கும். ஆகவே கடலுக்குக் காலை நேரம். மதியம் தூக்கம். சாயங்காலம் சின்னதாக ஒரே ஒரு வேலை.

விடிகாலையில் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம். நாலு நாள் ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளைகள், எட்டு மணி வரை தூங்கட்டும். உங்கள் கணவர் மட்டும் எழுந்துவிடுவார், எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போன உடம்பு. அவரைப் படுத்திருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அபர்தீன் பஜார் பக்கம் மார்க்கெட்டுக்குப் போய்வரச் சொல்லுங்கள். தீவுக்கு வேண்டிய காய்கறியில் பெரும்பங்கு இங்கிருந்து கப்பலில்தான் போகிறது. சென்னையிலிருந்து கப்பல் போய்ச் சேரவே மூன்று நாள் போல ஆகும். அங்கே தக்காளி என்ன விலை, எந்தப் பதத்தில் பறித்தது வந்திருக்கிறது, எத்தனை பெட்டி அடிபட்டு வருகிறது என்று அவர் ஒரு மணி நேரம் நின்று விசாரிப்பார். போர்ட் பிளேரில் நம் ஜனம் நிறைய, தமிழிலேயே பேசலாம். அவருக்கு எந்த நினைவுச் சின்னத்தையும்விட இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். மண்டிக்குப் போன் பேசுவதையும் அந்த நேரத்திலேயே முடித்துக்கொண்டு வரட்டும்.

சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி வாக்கில் ஆட்டோ பிடித்து கார்பின்ஸ் கோவ் போங்கள். ஊருக்குள்ளிருந்து ஆறேழு கிலோமீட்டர். தென்னை மர நிழல் உண்டு, உடை மாற்ற இடம் உண்டு, அத்தை உட்கார வசதி உண்டு. அந்தமான் கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அதைப் படியுங்கள். உயிர்காப்பாளர் எதுவரை இறங்கச் சொல்கிறாரோ அதுவரைதான். ஒகேனக்கல்லில் குளித்துப் பழகிய பிள்ளைகள் தண்ணீருக்குப் பயப்பட மாட்டார்கள், அதனாலேயே கவனம் வேண்டும். ஆறு இழுப்பது வேறு, கடல் இழுப்பது வேறு.

போகும்போது ஒரு பழைய போர்வையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த வேர்க்கடலையும் போதும். மற்றபடி கையில் எதுவும் வேண்டாம்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பென்னாகரத்துக்காரர். காவிரியைத் தவிர வேறு பெரிய தண்ணீரை அறுபது வயது வரை பார்த்ததில்லை. அந்தமானுக்கு அவரைக் கூட்டிப்போனபோது நான் இந்தத் தொழிலுக்குப் புதிது. நான்கு நாளும் எல்லா இடத்தையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு அலைந்தேன். எங்கே போனாலும் அவர் கேட்டது ஒன்றுதான், "அடுத்து எங்கே ஏறணும்?" கடைசி நாள் வண்டி வராமல் போனதால், வேறு வழியில்லாமல் கார்பின்ஸ் கோவில் உட்கார்ந்துவிட்டோம். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலை வந்து முடியும் இடத்தில் நின்றார். அலை திரும்பிப் போகும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும் இல்லையா, அது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "நெஜமாவே உப்புதான்டி" என்றார். நாங்கள் அந்தத் தீவுகளுக்கு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. படகில் ஏற்றி இறக்கும் அவசரத்தில், அவர் கடலைத் தொடக்கூட நான் நேரம் விடவில்லை.

உங்கள் அத்தைக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு எலிஃபன்ட் பீச் படகில் ஏறி இறங்குவது கஷ்டம். நான்காம் நாள் காலை அவர் அறையில் இருந்துவிட்டாலும் பரவாயில்லை. ராஸ் தீவில் மேடு ஏறப் பேட்டரி வண்டி கேளுங்கள். கார்பின்ஸ் கோவ் அவருக்குச் சிரமமே தராது. ஒரு கையை உங்கள் மகள் பிடித்துக்கொள்ளட்டும். ஒன்பதாவது படிக்கும் பெண் சில சமயம் யாரோடும் பேசாமல் தனியாக உட்கார்ந்திருப்பாள். "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அவளுக்கும் அது விடுமுறைதான்.

மகன் சிப்பி பொறுக்குவான். பொறுக்கட்டும். ஆனால் பவளத் துண்டு எதையும் பைக்குள் போட விடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் பாதுகாக்கப்பட்டது, செத்துக் கரை ஒதுங்கியது என்று சொன்னாலும் செல்லாது. சில வகைச் சங்கு, சிப்பிகளுக்கும் அதே தடை உண்டு. விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்து, பையைப் பிரித்து, பிள்ளையின் கண் முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். அவன் பொறுக்கியதையெல்லாம் போர்வை மேல் பெரியது சிறியது என்று வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள், பெயர் வைக்கச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கிளம்பும்போது அவன் கையாலேயே தண்ணீரில் போடச் சொல்லுங்கள். ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும் என்றால் சாகரிகா என்ற அரசு எம்போரியத்தில் வாங்கி, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், அறைக்குத் திரும்புங்கள். காலையிலேயே கடல் குளியலை முடிப்பதில் இன்னொரு லாபம், ஈரத்துணி அன்று மாலைக்குள் காய்ந்துவிடும். உள்நாட்டு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான் சாதாரணமாக விடுகிறார்கள். விமான நாளன்று காலை குளித்துவிட்டு ஐந்து பேரின் ஈரத்துணியைப் பெட்டியில் திணித்துக்கொண்டு வந்து, கவுன்ட்டரில் கூடுதல் பணம் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு நடை வெற்றிமலை முருகன் கோயிலுக்கு. அத்தைக்கு நிறைவாக இருக்கும். அதோடு அன்றைக்குப் போதும்.

இதெல்லாம் சரி, கணவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பீர்கள். நீங்கள் "நிதானம்" என்று சொல்வது அவர் காதில் "வீண்" என்று விழுகிறது. அதற்காக அவர் மேல் கோபப்படாதீர்கள். பதினாறு வருடத்தில் குடும்பத்தை எங்கும் கூட்டிப்போக முடியாத மனுஷன், அத்தனையையும் ஆறு நாளில் கொடுத்துவிடப் பார்க்கிறார். அந்தத் தாளில் அவர் எழுதியிருப்பது உங்கள் எல்லோர் மேலும் உள்ள ஆசைதான். மண்டிக்காரரிடம் மண்டிக் கணக்கிலேயே பேசுங்கள். ஒரு கிரேட்டில் அளவுக்கு மேல் தக்காளி அடுக்கினால் அடித்தட்டு நசுங்கும். நசுங்கிய பழத்தின் தண்ணீர் பட்டு மேல்தட்டும் கெடும். பெட்டியை விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துவது ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பணக் கணக்கும் சொல்லுங்கள். படகு டிக்கெட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவு, விமானத்தைத் தவறவிட்டு ஐந்து பேருக்குப் புதுடிக்கெட் எடுப்பதில் ஒரு மூலைக்குக்கூட வராது.

ஆறாம் நாள் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்குள் விமான நிலையத்தில் இருங்கள். பெங்களூரில் இறங்க ஐந்தரை ஆகிவிடும். பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது நகரத்தில் நெரிசல் நேரம். ஓசூர் தாண்டவே ராத்திரி எட்டரை, ஒன்பது ஆகலாம். அங்கேயே சாப்பிட்டுவிட்டு ராயக்கோட்டை வழியாக வந்தால், வீடு சேர பத்தரை ஆகும். மறுநாள் விடிகாலை ஏலத்துக்கு வேறு யாராவது நிற்க, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் படகில் இடம் கிடைப்பது சிரமம். அதனால் இந்த வாரமே வேலையை ஆரம்பியுங்கள். நான்காம் நாள் பிற்பகல் படகில் ஐந்து இருக்கை ஒன்றாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஐந்தாம் நாள் காலைப் படகு. அப்போதும் மதியத்துக்குள் போர்ட் பிளேர் வந்துவிடலாம், கார்பின்ஸ் கோவுக்கு மூன்று மணிக்குப் போனால் இருட்டும் வரை இரண்டு மணி நேரம் கிடைக்கும். பெயர், வயது எல்லாம் ஆதாரில் உள்ளபடியே கொடுங்கள். அத்தைக்குப் படகில் கீழ்த்தளத்தில், வாசலுக்குப் பக்கத்து இருக்கையாகக் கேளுங்கள்.